நாணயத்தால் உயர்ந்த நாராயண பிள்ளை

தமிழில் ‘நாணயம்’ என்னும் சொல்லுக்கு இரண்டு பொருள்கள் உண்டு. கடையில் நாம் கொடுக்கும் காசும் நாணயம். கொடுத்த வாக்கைக் காப்பாற்றும் நேர்மையும் நாணயம். ஒருவரை நாணயமானவர் என்று ஊரார் சொன்னால், அவரை நம்பிப் பணத்தையும் பொருளையும் ஒப்படைக்கலாம் என்று பொருள். இந்த இரண்டு நாணயங்களோடும் நெருங்கிய தொடர்புடைய ஒருவர், ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன்னர் சிங்கப்பூரில் வாழ்ந்தார். காசைச் சோதிக்கும் வேலையில் தொடங்கிய அவர், பின்னர் தம்முடைய நாணயமே சோதிக்கப்படும் நிலைக்கு ஆளானார். அவர்தாம் நாராயண பிள்ளை. சிங்கப்பூரின் தொடக்கக் கால இந்திய வணிகர்களுள் முதன்மையானவர்.

பினாங்கிலிருந்து புதிய ஊருக்கு

1819ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 6ஆம் தேதி, சர் ஸ்டாம்ஃபர்ட் ராஃபிள்ஸ் ஜொகூர் சுல்தானுடனும் தெமெங்கோங்குடனும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார். அதன்படி ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி சிங்கப்பூரில் ஒரு வணிகத்தளத்தை அமைத்தது. இங்கு வந்து போகும் சரக்குகளுக்குச் சுங்க வரி இல்லை என்பதே அந்தத் துறைமுகத்தின் பெருஞ்சிறப்பு. அந்தச் செய்தி சுற்றுவட்டாரத் துறைமுகங்களில் வேகமாகப் பரவியது.

அப்போது பினாங்குத் தீவு ஏற்கெனவே ஆங்கிலேயரின் ஆட்சியில் இருந்தது. தமிழர்கள் பலர் அங்கு வணிகர்களாகவும் எழுத்தர்களாகவும் கூலியாள்களாகவும் வாழ்ந்துவந்தனர். நாராயண பிள்ளையும் பினாங்கில் அரசாங்கப் பணியில் இருந்தார். ராஃபிள்ஸை அவர் அங்குதான் அறிந்துகொண்டார்.

1819 மே மாத இறுதியில் ராஃபிள்ஸ் ‘இந்தியானா’ என்னும் கப்பலில் இரண்டாம் முறையாகச் சிங்கப்பூருக்கு வந்தார். அதே கப்பலில் நாராயண பிள்ளையும் வந்திறங்கினார். மாதச் சம்பளம் தரும் வேலையை விட்டுவிட்டு, நான்கு மாதங்களுக்கு முன்னர்தான் தொடங்கப்பட்ட ஊருக்கு வருவது எளிதான முடிவன்று. இங்கு நல்ல சாலைகள் இல்லை, கல் வீடுகள் இல்லை, உறவினர்களும் இல்லை. அவரை அழைத்து வந்த ராஃபிள்ஸும் சில வாரங்களே தங்கியிருந்துவிட்டுத் தாம் ஆட்சிபுரிந்த பெங்கூலனுக்குச் சென்றுவிட்டார். அதன்பின் மூன்று ஆண்டுகளுக்குமேல் அவர் திரும்பி வரவில்லை. அந்தக் காலத்தில் நாராயண பிள்ளை தம் உழைப்பையும் மதியையும் நம்பியே வாழ வேண்டியிருந்தது.

காசைச் சோதித்தவர்

சிங்கப்பூரில் அவர் முதலில் கருவூலத்தில் வேலை பார்த்தார். வந்து சேரும் காசுகள் நல்லவையா, போலியானவையா என்று பார்த்துப் பிரிப்பதே அந்த வேலை. இன்று நாம் ஒரே வகையான வெள்ளி நோட்டுகளைப் பயன்படுத்துகிறோம். அன்றைய நிலை வேறு. ஸ்பானிய வெள்ளி டாலர்தான் வணிகத்தின் முதன்மைப் பணமாக இருந்தது. அதனுடன் வெவ்வேறு நாடுகளின் காசுகளும் கலந்து புழங்கின. வெள்ளி குறைவாகக் கலந்த போலிக் காசுகளும் ஓரம் சுரண்டப்பட்ட காசுகளும் அவற்றில் இருக்கக்கூடும். காசின் எடை, நிறம், தட்டினால் எழும் ஓசை ஆகியவற்றைக் கொண்டு அதன் தரத்தைக் கண்டறிவது அக்கால வழக்கம்.

இது சிறிய வேலையாகத் தோன்றலாம். ஆனால் ஒரு புதிய துறைமுகத்தில் வணிகம் நடப்பதற்கு இதுவே அடிப்படை. கைக்கு வரும் காசை நம்ப முடியாவிட்டால், அந்த ஊருக்குச் சரக்கைக் கொண்டுவர எந்த வணிகரும் துணியமாட்டார்.

செங்கற்சூளை பிறந்தது

கருவூல வேலையோடு நாராயண பிள்ளை நின்றுவிடவில்லை. புதிய ஊருக்கு எது தேவைப்படுகிறது என்பதை அவர் கவனித்தார். கப்பல்களில் நாள்தோறும் மக்கள் வந்திறங்கினர். அவர்களுக்குத் தங்க வீடும், சரக்கை அடுக்கக் கிடங்கும், விற்கக் கடையும் வேண்டும். அக்காலத்துக் கட்டடங்களில் பெரும்பாலானவை மரச்சட்டங்களால் ஆனவை. அவற்றின் கூரைகள் அத்தாப்பு ஓலையால் வேயப்பட்டவை. அவை விரைவில் பழுதாகும், எளிதில் தீப்பிடிக்கும். ஊர் நிலைத்து நிற்க வேண்டுமானால் செங்கல் வேண்டும். வெளியூரிலிருந்து செங்கலைக் கப்பலில் ஏற்றி வருவதைவிட இங்கேயே சுடுவது சிக்கனமானது.

எனவே, நாராயண பிள்ளை தஞ்சோங் பகாரில் ஒரு செங்கற்சூளையைத் தொடங்கினார். சூளை மட்டும் இருந்தால் போதாது. வேலை தெரிந்த கைகளும் வேண்டும். அவர் பினாங்கில் உள்ள தம் நண்பர்களுக்குச் செய்தி அனுப்பி, கொத்தனார்களையும் தச்சர்களையும் துணி வணிகர்களையும் சிங்கப்பூருக்கு வரவழைத்தார். செங்கல் செய்வதோடு வீடுகளைக் கட்டித் தரும் பொறுப்பையும் ஏற்றுக்கொண்டார். சிங்கப்பூரின் முதல் இந்தியக் கட்டடக் குத்தகையாளர் என்னும் பெருமை அவருக்கு உண்டு.

இதில் ஒரு வணிகப் பாடம் அடங்கியுள்ளது. விளம்பரம் செய்து பொருளை விற்பது ஒரு வழி. மக்களுக்கு என்ன தேவை என்பதை முன்கூட்டியே அறிந்து, அந்தத் தேவையை நிறைவேற்றுவது இன்னொரு வழி. நாராயண பிள்ளை இரண்டாவது வழியில் சென்றார். செங்கல் தேவை என்பதை மக்களிடம் அவர் எடுத்துச்சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவர் அதைச் செய்து தர வேண்டியிருந்தது, செய்து தந்தார்.

கடையும் கடனும்

அடுத்து அவர் பருத்தித் துணி வணிகத்தில் இறங்கினார். கிராஸ் ஸ்திரீட்டில் ஒரு கடையைத் திறந்தார். சில காலத்திலேயே அது ஊரில் பெயர்பெற்ற பெரிய கடையாக வளர்ந்தது.

கடை நிறையத் துணி அடுக்க அவருக்குப் பணம் எங்கிருந்து வந்தது? அக்காலத்தில் ஐரோப்பிய வணிகர்கள் துணிகளைக் கப்பலில் மொத்தமாக வரவழைத்தனர். அவற்றை மக்களிடம் சில்லறையாக விற்க அவர்களுக்கு உள்ளூர் வணிகர்களின் துணை தேவைப்பட்டது. அதனால், உள்ளூர் வணிகர்களுக்குச் சரக்கை முன்னரே கொடுத்துவிட்டு, விற்ற பிறகு தவணையில் பணத்தைப் பெற்றுக்கொண்டனர். நாராயண பிள்ளையும் இவ்வாறே கடனுக்குச் சரக்கு வாங்கினார்.

இந்த முறையில் சரக்கைக் கொடுப்பவர், வாங்குபவரின் பெயரை நம்பியே கொடுக்கிறார். அவர் பணத்தைத் திருப்பித் தருவாரா, இரவோடு இரவாக வேறு துறைமுகத்திற்குக் கப்பலேறிவிடுவாரா என்பதை முன்கூட்டியே அறிய வழியில்லை. ஊரே புதிது, மக்களும் ஒருவருக்கொருவர் புதியவர்கள். அப்படிப்பட்ட ஊரில், வந்து சில ஆண்டுகளே ஆன ஒருவரின் கடைக்குப் பெருமளவில் சரக்கு கடனாகக் கிடைத்தது. அவருடைய நற்பெயரே அவருக்கு முதலாக இருந்தது.

எல்லாம் எரிந்த நாள்

1822ஆம் ஆண்டில் பேரிடி ஒன்று விழுந்தது. நாராயண பிள்ளையின் கடை தீப்பிடித்து எரிந்தது. அடுக்கி வைத்திருந்த துணிகள் சாம்பலாயின. ஊருக்குச் செங்கல் செய்து கொடுத்தவரின் கடையே தீக்கு இரையானது.

கடை எரிந்தாலும் கடன் எரிந்துவிடவில்லை. துணி கொடுத்த வணிகர்களுக்கு அவர் பணம் தர வேண்டியிருந்தது. விற்றுப் பணமாக்கலாம் என்று எண்ணிய சரக்கோ இப்போது இல்லை. இன்று ஒரு கடை எரிந்தால் காப்புறுதி நிறுவனத்தை நாடலாம். அன்று அவருக்கு அப்படி ஒரு வழி இல்லை. கையில் மிஞ்சியது கடன் சுமை மட்டுமே.

அந்த நிலையில் தங்களை வைத்துப் பாருங்கள். துறைமுகத்தில் கப்பல்கள் நின்றுகொண்டிருக்கின்றன. பினாங்குக்குத் திரும்பிச் சென்றுவிடலாம். அங்குத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். இங்கே இருந்தாலோ, தெருவில் இறங்கும்போதெல்லாம் கடன் கொடுத்தவர்களைச் சந்திக்க வேண்டும். ஆனால் நாராயண பிள்ளை சிங்கப்பூரை விட்டுச் செல்லவில்லை. ஒருகாலத்தில் பிறருடைய காசைச் சோதித்தவரின் நாணயத்தை இப்போது காலம் சோதித்தது.

மீண்டும் ஒரு தொடக்கம்

1822 அக்டோபரில் ராஃபிள்ஸ் மீண்டும் சிங்கப்பூருக்கு வந்தார். ஊர் ஒழுங்கின்றி வளர்ந்திருப்பதைக் கண்டு, புதிய நகரத் திட்டம் ஒன்றை வகுக்க ஆணையிட்டார். ஆற்றின் தென்கரையில் இருந்த சதுப்பு நிலத்தை மேடாக்க, அருகிலிருந்த ஒரு குன்றை வெட்டி மண் எடுத்தனர். குன்று இருந்த இடம் சமதளமாகி, ‘கமர்ஷியல் ஸ்குவேர்’ என்னும் வணிகச் சதுக்கமாக மாறியது. அதுவே 1858ஆம் ஆண்டில் ‘ராஃபிள்ஸ் பிளேஸ்’ எனப் பெயர் மாற்றம் பெற்றது. வங்கிகளும் வானளாவிய கட்டடங்களும் சூழ்ந்த அந்த இடத்தை நீங்கள் எம்ஆர்டி நிலையப் பெயராகவும் அறிவீர்கள்.

அந்தச் சதுக்கத்தில் கிடங்குகள் கட்டுவதற்கு நாராயண பிள்ளைக்கு நிலம் கிடைத்தது. ராஃபிள்ஸ் செய்த உதவி அது. ஆனால், நிலம் கிடைத்தவுடன் கடன் தீர்ந்துவிடாது. கட்டடம் எழுப்ப வேண்டும். மீண்டும் சரக்கு வாங்க வேண்டும். விற்று வரும் லாபத்தில் பழைய கடனைச் சிறிது சிறிதாக அடைக்க வேண்டும். நாராயண பிள்ளை அதைச் செய்து முடித்தார். கடனைத் தீர்த்ததோடு மீண்டும் ஊரின் முன்னணி வணிகர்களுள் ஒருவராக எழுந்து நின்றார்.

கைகொடுத்தவர் ஒருவர் என்பதற்காக, எழுந்து நின்றவரின் முயற்சியைச் சிறிதாக எண்ணிவிடக்கூடாது. உதவி எல்லாருக்கும் எளிதில் கிடைப்பதில்லை. கிடைத்த உதவியைக் கொண்டு முதலில் கடனைத் தீர்ப்பவரையே ஊர் நினைவில் வைத்துக்கொள்கிறது.

கோயில் எழுப்பிய வணிகர்

தம் தொழிலைப் போலவே சமூகத்தின் தேவையையும் நாராயண பிள்ளை கவனித்தார். கடல் கடந்து வந்த இந்துக்களுக்கு வழிபடவும் ஒன்றுகூடவும் ஓர் இடம் இல்லை. கோயில் கட்ட முதலில் தெலுக் ஆயர் பகுதியில் நிலம் கிடைத்தது. ஆனால் வழிபாட்டிற்குத் தேவையான நல்ல தண்ணீர் அங்கு இல்லை. 1821இல் ஸ்டாம்ஃபர்ட் கால்வாய்க்கு அருகே வேறு நிலம் தரப்பட்டது. புதிய நகரத் திட்டம் வந்தபோது அதுவும் பயன்படாமல் போனது. மூன்றாவதாக, 1823ஆம் ஆண்டில் சவுத் பிரிட்ஜ் சாலையில் நிலம் வழங்கப்பட்டது. அங்கு 1827ஆம் ஆண்டில் மரமும் அத்தாப்பும் கொண்டு ஓர் எளிய கோயிலை அவர் எழுப்பினார். இன்று நாம் காணும் ஸ்ரீ மாரியம்மன் கோயிலின் தொடக்கம் அதுவே. சிங்கப்பூரின் மிகப் பழமையான இந்துக் கோயில் அது. இன்றுள்ள செங்கல் கட்டடத்தின் பழைய பகுதிகள் 1843ஆம் ஆண்டைச் சேர்ந்தவை. 1973ஆம் ஆண்டில் அது தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டது.

அந்தக் கோயில் வழிபாட்டிற்கு மட்டும் பயன்படவில்லை. புதிதாக வந்திறங்கியவர்கள் வேலையும் தங்குமிடமும் கிடைக்கும்வரை அங்குத் தங்கினார்கள். துணையின்றிக் கப்பலில் வந்த ஒருவர், புதிய வரவுகளுக்கு அமைத்துத் தந்த ஆதரவு அது.

சோழமண்டலக் கரையிலிருந்து வந்த இந்தியர்களின் தலைவராகவும் நாராயண பிள்ளை ஏற்றுக்கொள்ளப்பட்டார். அவர்களுக்குள் ஏற்படும் பிணக்குகளைத் தீர்த்துவைக்கும் பொறுப்பு அவரிடம் வந்தது. 1824ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி சிங்கப்பூரின் மக்கள்தொகை 10,683. அவர்களுள் இந்தியர்கள் ஆயிரத்திற்கும் குறைவு. அந்தச் சிறிய சமூகத்தில் பணத் தகராறு வந்தால், இரு தரப்பினரும் நம்பக்கூடிய ஒருவர் தேவைப்பட்டிருப்பார். கடன்பட்டு, அதைத் தீர்த்தவரைவிடக் கடனைப் பற்றி நன்கு அறிந்தவர் யார் இருக்க முடியும்?

லிட்டில் இந்தியாவில் ஒரு நடை

நாராயண பிள்ளையின் சூளையும் துணிக்கடையும் இன்று இல்லை. ஆயினும், அவர் ஈடுபட்ட தொழில்களின் தடங்களை லிட்டில் இந்தியாவிலும் காணலாம். அவருக்குப் பின் வந்த காலத்தில், சிராங்கூன் சாலைப் பகுதியிலும் செங்கற்சூளைகளும் சுண்ணாம்புக் காளவாய்களும் இருந்தன. இந்தியத் தொழிலாளர்கள் அவற்றில் உழைத்தார்கள். அதனால்தான் ஸ்ரீ வீரமாகாளியம்மன் கோயில் இருக்கும் பகுதியை அக்காலத் தமிழர்கள் சுண்ணாம்புக் கம்பம் என்று அழைத்தார்கள்.

கடைகளின் முன்னே நிழலாக நீளும் ‘அஞ்சடி’ எனப்படும் நடைபாதையும் அக்காலத்தோடு தொடர்புடையதுதான். கட்டடங்கள் செங்கல்லாலும் ஓட்டாலும் கட்டப்பட வேண்டும், அவற்றின் முன்னே மக்கள் நடக்கக் கூரையுள்ள வழி விட வேண்டும் என்று 1822ஆம் ஆண்டுத் திட்டம் கூறியது. மழையில் நனையாமல் நாம் அந்த அஞ்சடியில் நடக்கும்போது, இந்த ஊருக்கு முதலில் செங்கல் சுட்டவர்களை நினைத்துப் பார்க்கலாம்.

அதே சாலையில் உள்ள நகைக்கடைகளில் ‘916’ என்னும் எண்ணைப் பார்த்திருப்பீர்கள். ஆயிரம் பங்கில் 916 பங்கு தூய தங்கம் என்பதே அதன் பொருள். அந்த முத்திரையை நம்பித்தான் பெற்றோர் நகை வாங்குகிறார்கள். அன்று நாராயண பிள்ளை கருவூலத்தில் அமர்ந்து செய்த வேலையை இன்று ஒரு முத்திரை செய்கிறது.

இன்றைய வணிகமும் பழைய பாடமும்

இன்று வணிகர்கள் தங்கள் நிறுவனத்திற்கு ஒரு பெயர், ஒரு சின்னம், ஒரு நிறம் என்று தேர்ந்தெடுத்து, அதனைச் சமூக ஊடகங்களில் பரப்புகிறார்கள். இதனை ‘பிராண்ட்’ என்கிறோம். அழகான சின்னத்தை ஒரே நாளில் வரைந்துவிடலாம். அந்தச் சின்னத்தைப் பார்த்தவுடன் வாடிக்கையாளரின் மனத்தில் நம்பிக்கை தோன்றுவதற்குப் பல ஆண்டுகள் ஆகும்.

இணையக் கடைகள் பெருகியுள்ள இக்காலத்தில் இது மேலும் முக்கியமாகிறது. விற்பவரின் முகத்தை நாம் பார்ப்பதில்லை. மற்றவர்கள் எழுதிய கருத்துகளையும் கொடுத்த நட்சத்திரங்களையும் பார்த்து முடிவு செய்கிறோம். அவற்றிலும் போலிகள் கலந்திருக்கின்றன. பணத்தைப் பெற்றுக்கொண்டு பொருளை அனுப்பாத மோசடிக்காரர்களைப் பற்றிச் செய்திகளில் அடிக்கடி படிக்கிறோம். அன்று போலிக் காசைக் கண்டறிந்ததுபோல், இன்று போலி விளம்பரத்தைக் கண்டறியும் திறன் நம் எல்லாருக்கும் தேவைப்படுகிறது.

இன்னொன்றையும் எண்ணிப் பார்க்கலாம். 2020ஆம் ஆண்டில் கொவிட்-19 நோய் பரவியபோது, சிங்கப்பூரில் பல கடைகள் மூடப்பட்டன. எப்போதும் கூட்டம் நிறைந்திருக்கும் தேக்காவும் அமைதியானது. வருமானம் நின்றது, வாடகையும் கடனும் நிற்கவில்லை. ஒப்பந்தப்படி பணம் கட்ட இயலாத தொழில்களுக்குத் தற்காலிக அவகாசம் அளிக்க, அந்த ஆண்டு ஏப்ரலில் நாடாளுமன்றம் ஒரு சட்டத்தை நிறைவேற்றியது. தீயில் கடையை இழந்த நாராயண பிள்ளைக்குத் தேவைப்பட்டதும் அதுபோன்ற ஓர் அவகாசம்தான். கடன் கொடுத்தவர் காத்திருக்க வேண்டும். கடன் பெற்றவர் அந்தக் காத்திருப்பை வீணாக்காமல் உழைத்துத் திருப்பித் தர வேண்டும். இரண்டில் ஒன்று தவறினாலும் அடுத்த முறை யாரும் யாருக்கும் உதவமாட்டார்கள்.

2019ஆம் ஆண்டு சிங்கப்பூரின் இருநூற்றாண்டு நினைவையொட்டி, சிங்கப்பூர் ஆற்றோரத்தில் ராஃபிள்ஸ் சிலைக்கு அருகே நான்கு சிலைகள் சிறிது காலம் வைக்கப்பட்டன. சாங் நீல உத்தமா, முன்ஷி அப்துல்லா, டான் டோக் செங் ஆகியோருடன் நாராயண பிள்ளையின் சிலையும் அங்கு நின்றது. இந்நகரை உருவாக்கியவர்கள் பலர் என்பதை அந்தச் சிலைகள் நினைவூட்டின.

அந்தச் சிலைகள் இப்போது அங்கு இல்லை. ஆனால் அடுத்த முறை நீங்கள் சவுத் பிரிட்ஜ் சாலை வழியாகச் செல்லும்போது, ஸ்ரீ மாரியம்மன் கோயிலின் முன்னே சற்று நின்று பாருங்கள். கடை எரிந்த ஐந்தாம் ஆண்டில் ஒரு வணிகர் அங்குக் கோயிலை எழுப்பினார். கடன்பட்ட நாளில் அவர் கப்பலேறிப் போயிருந்தால், அந்தக் கோயிலுக்கும் இந்நகரில் நம் சமூகத்தின் வரலாற்றுக்கும் தொடக்கம் வேறாக இருந்திருக்கும்.